பாங்காக்குக்குப் போகிறவன் அறிந்துகொள்ள வேண்டியவை

ஜொகூர் பாரு

அன்புள்ள மகன் தம்பிக்கு,

மாட்டு இறக்குமதி விஷயமாகச் சயாமுக்குப் போகிற உத்தியோகக் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று நீ குளுவாங்கிலிருந்து எழுதியதை உன் அப்பா கூடத்தில் நின்றபடியே சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவனுக்கு எல்லாம் விபரமா நான் எழுதுறன், நீர் பேசாமல் இரும்" என்றார். பேசாமல்தான் இருந்தேன். அவர் பேனாவைத் துடைத்தார், தாளை நேராக வைத்தார், அடுத்த வீட்டு ஓவர்சியர் வந்ததும் எழுந்து போய்விட்டார். இப்போது நான் எழுதத் தொடங்கியதைக் கண்டுவிட்டு வாசலில் நிற்கிறார்.

"என்ன எழுதுறீர்?"

"பாங்காக்கைப் பற்றி."

"அந்தக் கதையை எழுதாதையும்."

"நான் கோட்டுக் கதையைத்தான் எழுதப் போறன்."

"கோட்டுக் கதையையும் எழுதாதையும்."

இரண்டையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறதேசம் போய் வந்தவர்கள் சொல்லும் புத்திமதியில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. பெரும்பாலும் தாங்கள் போய் வந்ததை இன்னொரு முறை சொல்லிக்கொள்ளத்தான் அவர்கள் புத்திமதி சொல்லுகிறார்கள். நானும், உன் அப்பா உத்தியோகமாகப் போனபோது, ஒரே தடவை கூடப் போனவள்தான். அதற்குப் பிறகு அங்கே எத்தனையோ மாறியிருக்கும். அப்போது ரயில் நதிக்கு இக்கரையிலேயே நின்றுவிடும், படகில் ஏறித்தான் பட்டணத்துக்குள் போக வேண்டும். இப்போது பாலம் கட்டி வண்டியே அக்கரை போகிறதாம். ஆகவே நான் எழுதுவதில் பாதியை நீ தள்ளிவிடலாம். எந்தப் பாதி என்பதை அங்கே போனதும் நீயே கண்டுகொள்வாய்.

பிறை ரயில் நிலையம் வரைக்கும் உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது நம் ரயில். பிறையிலிருந்து எக்ஸ்பிரஸ் ஏறியபிறகு எல்லையான பாடாங் பெசாரில் இரு தேசத்துச் சுங்கக்காரர்களும் ஏறுவார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னால் சிரிக்காமல், முகத்தைச் சுளிக்காமல் திற. நம் மனிதர்களுக்கு அந்த இடத்தில் இரண்டில் ஒன்று வந்துவிடும்: நான் அரசாங்க உத்தியோகத்தன் என்ற விறைப்பு, அல்லது பிடித்துவிடுவார்களோ என்ற குழைவு. இரண்டும் அவர்களைப் பெட்டியின் அடிவரைக்கும் தோண்ட வைக்கும். நம் வெள்ளியைச் சயாம் பணமாக மாற்றுவதென்றால் அங்கேயே கொஞ்சம் மாற்றிக்கொள், மிச்சத்தைப் பாங்காக்கில் பார்க்கலாம். ரயிலில் சாப்பாட்டு வண்டி உண்டு. உன் அப்பா அதை நம்பாமல் ஒரு தகரம் நிறையப் பருத்தித்துறை வடையும், ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் கொண்டுவந்தார். தூள் போத்தலின் மூடி ஹாட்யாய்க்கு இந்தப் பக்கம் கழன்று, அவருடைய வேட்டிகள் எல்லாம் காரமாகிப் பாங்காக்கில் இருந்த நாளெல்லாம் அவர் உட்காரும்போது கொஞ்சம் யோசித்தே உட்கார்ந்தார். நீ அங்கே கிடைக்கும் சோற்றையும் மீனையும் சாப்பிடு. தண்ணீரை மட்டும் காய்ச்சிக் குடி, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையை மறக்காதே, சொந்தக் கொசுவலையைக் கொண்டுபோ. விடுதிக் கொசுவலைகளில் ஓட்டை எப்போதும் தலைமாட்டில்தான் இருக்கும்.

இனிக் கோட்டு. பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் போகும்போது போட வேண்டிய கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டை, கசங்கிவிடுமே என்று உன் அப்பா பெரிய டிரங்குப் பெட்டியில் மடித்துவைத்து, டிரங்கைச் சாமான் வண்டியில் ஏற்றிவிட்டார். நாங்கள் இறங்கினோம், டிரங்கு இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில் தூதரகத்தில் பெயர் எழுத வேண்டும். எங்களோடு வந்த மூத்த உத்தியோகத்தர் என்சிக் யூசோப், மாட்டு வைத்தியப் பகுதியைச் சேர்ந்தவர், மெலிந்த குட்டையான மலாய்க்காரர், தன் இரண்டாவது கோட்டைக் கொடுத்தார். உன் அப்பாவின் தோளைப் பற்றி உனக்குத் தெரியும். கோட்டின் கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றது. மேல் பொத்தான் பூட்டவே இல்லை. காவற்காரப் பஞ்சாபி சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்ததை நான் பார்த்தேன். ஆகவே, கோட்டும், சப்பாத்தும், காகிதங்களும் உன்னோடு ஒரே பையில், உன் கையில் இருக்கட்டும். கசங்கினால் கசங்கட்டும். கசங்கிய கோட்டை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

தூதரகத்துக்கு முதல் நாள் போவது வேலைக்காக அல்ல. முகப்பில் ஒரு புத்தகம் விரித்து வைத்திருப்பார்கள். வந்தவர்கள் அதில் பெயர், உத்தியோகம், தங்கியிருக்கும் இடம் மூன்றையும் எழுதிவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் வழக்கம். பிறகு உள்ளேயிருந்து சொல்லி அனுப்புவார்கள். வந்தோமே, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாமே என்று நிற்காதே. உன் மேலதிகாரி எழுதிய பிறகு எழுது, அவருடைய பெயருக்கு மேலே இடம் காலியாக இருந்தாலும் கீழேயே எழுது. உள்ளே கூப்பிட்டபின் காட்டிய நாற்காலியில் உட்கார். கால்மேல் கால் போடாதே. இது வெள்ளைக்காரனுக்காகச் சொல்லவில்லை, சயாம்காரர்களுக்காகச் சொல்லுகிறேன். அவர்களுக்கு எதிரில் பாதம் நீட்டியிருப்பது பெரிய அவமரியாதை. அதேபோலக் குழந்தைகளின் தலையையும் தொடாதே. தேத்தண்ணி கொடுத்தால் குடி, ஆறிப்போனாலும் குடி. துரை ஏதாவது வேடிக்கை சொல்லி, உனக்கு அது புரியாவிட்டால், மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காகச் சிரிக்காதே. பட்டம் வாங்கியவள் என்பதால் எனக்கு எல்லா இங்கிலீசு வேடிக்கையும் புரியும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். சென்னையில் பி.ஏ. படித்தபோது எனக்கு ஷேக்ஸ்பியர் புரிந்தது. துரைமாரின் வேடிக்கை இன்றுவரை பாதிதான் புரியும். புரியாதபோது மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் எனக்கு ஒரு கெடுதியும் வந்ததில்லை.

இவ்வளவும் எவரும் சொல்லக்கூடியவை. நான் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக மட்டும் அல்ல.

மாட்டு விஷயமாகப் போகும் கோஷ்டியில் எனக்கு என்ன வேலை என்று நீ சின்ன வயதில் கேட்டாய். உன்னைச் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனதில் உனக்குக் கோபம். அப்போது, "அரசாங்கம் கூப்பிட்டது" என்று மட்டும் சொன்னேன். கூப்பிட்டது ஒரு பெண்ணுக்காக. காத்தாயி என்று பெயர். லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். அவளுடைய புருஷனை, மாடு பார்க்கத் தெரிந்தவன் என்று, பாங்காக்கில் மாட்டு வியாபாரம் செய்யும் ஒரு தமிழர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். மூத்த பிள்ளைகள் இரண்டையும் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வயிற்றில் ஒன்றோடு இவளும் கூடப் போனாள். போன சில மாதங்களில் அவன் காய்ச்சலில் இறந்துபோனான். வியாபாரி கடையை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டார். கைக்குழந்தையோடு தெருவில் நின்றவளைப் போலீஸ்காரர் தூதரகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். திக்கற்றவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைப்பது தூதரகத்தின் வேலைகளில் ஒன்று. அவர்கள் இவளை இந்தியாவுக்குக் கப்பலேற்ற ஏற்பாடு செய்திருந்தார்கள். செய்தி எப்படியோ அவளுடைய அண்ணன் காதுக்கு எட்டி, அவன் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் அழுது, கிராணி நம் பக்கத்து உத்தியோகத்தரிடம் சொல்லி, கடைசியில், "மாட்டு விஷயமாகப் போகிறவர்கள் அந்தப் பெண்ணையும் பார்த்து, நம் தேசத்தவள்தான் என்றால் கூட்டி வரட்டும்" என்று உத்தரவானது. பெண்ணைத் தனியே ஆண்களோடு அனுப்பக்கூடாது, தமிழும் இங்கிலீசும் தெரிந்த ஒரு பெண் கூடப் போக வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அப்படித்தான் நான் போனேன்.

புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டுப் படியிறங்கும்போது, பக்கத்து வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சில் ஒருத்தி குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். உன் அப்பாவும் என்சிக் யூசோப்பும் அவளைக் கடந்து போய்விட்டார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. அந்தப் பட்டணத்தில் தமிழ்ப் பெண்கள் இல்லாமல் இல்லை. குழந்தை வீரிட்டது. "டியாம், டியாம்லா என் ராசா" என்று அவள் தட்டிக்கொடுத்தாள். சும்மா இரு என்பதை மலாயில் சொல்லிப் பிள்ளையை அமர்த்துகிற தமிழச்சி எங்கே வளர்ந்தவளாக இருப்பாள்? நான் நின்றுவிட்டேன்.

"நீ காத்தாயியா?"

அவள் எழுந்திருக்கவில்லை. "ஆமாங்க. நீங்க யாரு? கப்பலுக்குக் கூட்டிக்கிட்டுப் போக வந்தவங்களா?"

"இல்லை, நாங்கள் ஜொகூரிலிருந்து வந்திருக்கிறம்."

"ஜொகூர்ல எங்க?"

"ஜொகூர் பாருவில."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பலபேர் பலதைச் சொல்லி ஏமாற்றியிருப்பார்கள் போலும். "ஜொகூர் பாருவுல மார்க்கெட்டுக்கு எதிர்த்தாப்புல என்னா இருக்குது?"

"கடல். அங்கால சிங்கப்பூர்."

அதைக் கேட்டதும் அவளுக்கு முகம் கோணியது. குழந்தையின் துணியை எடுத்துக் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம கப்பலும்மா. என்னைய ஏத்திடுவாங்களாம்மா? அங்க எறங்கி நான் யாருகிட்டப் போவேன்? எங்கண்ணி வீட்ல ரெண்டு கெடக்குதுங்களே!"

இந்தியாவில் எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். துறையூர் என்றாள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, அது அப்பன் பிறந்த இடம் என்றாள்.

"அப்ப ஏன் அந்த ஊரைச் சொன்னனீ?"

"எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன். அப்பன் ஊரத்தானேம்மா சொல்லணும்?" இவ்வளவு படித்தவளாகத் தெரிகிறாளே, இது தெரியவில்லையே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

நம்மில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தோட்டத்திலும் அப்படித்தான், நம் உத்தியோகக் குவாட்டர்ஸ்களிலும் அப்படித்தான். ஜொகூர் பாருவிலேயே பிறந்து, ஜொகூர் பாருவிலேயே பல்லு விழுந்தவரும் கலியாண வீட்டில், யாழ்ப்பாணத்து ஊரைச் சொல்லி, "நான் கொக்குவில்" என்பார். அது பொய்யென்று ஒருவருக்கும் தோன்றாது. ஆனால் கலியாண வீட்டில் அந்தப் பதிலைக் கொண்டு யாரையும் கப்பலேற்றுவதில்லை. தூதரகத்தில் மொழிபெயர்க்கிற சென்னைக்காரர் கேட்ட கேள்விக்கு இவள் மரியாதையாகப் பதில் சொன்னாள். அவர் அதை அப்படியே துரையிடம் சொன்னார். துரை அதற்கு ஏற்ற கப்பலைத் தேடினார். ஒவ்வொருவரும் தங்கள் காரியத்தைச் சரியாகவே செய்திருந்தார்கள். அந்தச் சரிகளெல்லாம் சேர்ந்து இரண்டு பிள்ளைகளிடமிருந்து தாயைப் பிரித்துவிடப் பார்த்தன.

அன்று விடுதியில் உன் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அவள் சொன்னதில என்ன பிழை? அப்பிடித்தானே சொல்ல வேணும்" என்றார். நான் அதைச் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டாம் காரியதரிசி, நடுத்தர வயது, வெயிலில் வெந்த முகம், நல்ல மனிதர் என்றே எனக்குப் பட்டது. என்சிக் யூசோப் பழைய பண்பாட்டில் வளர்ந்தவர். பெரிய விஷயத்தை எடுத்தவுடன் பேசுவது அவருக்குக் கூச்சம். முதலில் சுகம் விசாரித்தார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மாடுகள், அவற்றின் காணை நோய், எல்லையில் அவற்றைத் தனியே நிறுத்திவைக்கும் கொட்டில்கள். உன் அப்பா பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கொடுத்தார். மாடுகளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடைத்தது. நண்பகலில் தூதரகத்தை மூடிவிடுவார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் என்சிக் யூசோப், இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது, நேரமிருந்தால், என்று தொடங்கினார். காத்தாயியைக் கூப்பிட்டு வாசலுக்குள் நிறுத்தினார்கள்.

"அந்தப் பெண்ணா? அவளுடைய காரியம் முடிந்துவிட்டதே," என்றார் துரை. "அவள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவள். அவளே சொன்னாள்."

என்சிக் யூசோப் திரும்பி அவளிடம் மலாயில் எங்கே பிறந்தாய் என்று கேட்டார். அவள் மடமடவென்று மலாயிலேயே கொட்டினாள். ஜொகூர் பாருவில் ரோடு போட வந்த கூலிகளின் லைனில் பிறந்தாளாம். தாய்க்காரி கல்லுடைத்துக்கொண்டிருந்தபோதே நோவு கண்டுவிட்டதாம். அந்த ரோட்டில் இப்போது துவான்மார், பெரிய மனிதர்கள், மோட்டாரில் போகிறார்களாம், அடியில் கிடப்பது தன் ஆத்தாள் உடைத்த கல்லாம். என்சிக் யூசோப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துரைக்கு வரவில்லை. தீபகற்பத்தில் நாலைந்து வருஷம் இருந்தவர்கள் யாரும் மலாய் பேசுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு, உதாரணத்துக்கு ஒருவர் வேண்டியிருந்ததாலோ என்னவோ, உன் அப்பாவைப் பார்த்தார்.

"நீங்களும்தான் மலாய் பேசுகிறீர்கள். எத்தனை காலமாக ஜொகூரில்?"

"இருபது வருஷத்துக்கு மேல், சேர்."

"உங்கள் ஊர்?"

"யாழ்ப்பாணம், சேர்." அதில் பிழையில்லை, அவர் அங்கே பிறந்தவர். ஆனால் குரலில் ஒரு நிமிர்வு வந்துவிட்டது.

"பிள்ளைகள் உண்டா?"

"ஒரு மகன், சேர்."

"அவன்?"

"அவனும் யாழ்ப்பாணம்தான், சேர்."

துரை பேனாவை மூடினார். மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. பார்த்தீர்களா, என்பதுபோல என்சிக் யூசோப்பின் பக்கம் கையை விரித்தார். இங்கிலீசு தெரியாத காத்தாயி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள். எங்கோ போகப் புறப்படுகிறவளைப் போல.

அழைக்காமல் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. என்னைப் பேச அங்கே யாரும் அழைத்திருக்கவுமில்லை. எழுந்து நின்றேன் என்பது ஞாபகம் இருக்கிறது. "மன்னிக்க வேண்டும். என் மகன் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் பிறந்தான். அவன் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததே இல்லை. இந்தப் பெண்ணும் துறையூரைப் பார்த்ததில்லை. அதை மட்டும் தயவுசெய்து அவளிடம் கேளுங்கள்" என்றேன்.

கேட்கச் சொன்னார். தமிழில் கேட்டேன்.

"நான் எங்கம்மா பாத்தேன்? அது ரயில்ல போற ஊரா, மாட்டு வண்டியில போற ஊரான்னுகூட எனக்குத் தெரியாது. எங்கப்பனே அத மறந்துட்டுத்தான் செத்தாரு!"

அதை அப்படியே இங்கிலீசில் சொன்னேன். துரை உன் அப்பாவிடம் திரும்பினார். "உங்கள் மகன் ஜொகூர் பாருவில் பிறந்தது உண்மையா?"

"உண்மைதான், சேர்."

"யாழ்ப்பாணத்துக்குப் போனதே இல்லையா?"

"இல்லை, சேர்."

"பிறகு ஏன் யாழ்ப்பாணம் என்றீர்கள்?"

உன் அப்பா கொஞ்சம் யோசித்தார். "அவன் என்னுடைய மகன், சேர்" என்றார்.

துரை சிரித்தார். கேலியாக இல்லை. அன்று அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான். "இவளும் அவளுடைய அப்பனின் மகள். எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இவளை எங்கே அனுப்புவது? வேண்டுமென்று இவளை யாரும் கேட்கவில்லையே. கேட்பார் இல்லாதவர்களை அவர்கள் சொல்லும் இடத்துக்குத்தான் நான் அனுப்ப முடியும்."

அப்போதுதான் என்சிக் யூசோப் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய இங்கிலீசு மெதுவான இங்கிலீசு. ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவைத்தார். "ஜொகூர் அரசாங்கம் இவளைத் தன் பிரஜை என்று கேட்கிறது."

அவ்வளவுதான். துரை பேனாவைத் திறந்தார். "இதைச் சொல்லவா ஒரு காலை முழுவதும் மாடுகளைப் பற்றிப் பேசினீர்கள்?" என்றபடி எழுதினார். படியிறங்கும்போது என்சிக் யூசோப் உன் அப்பாவிடம் மலாயில், "என் கோட்டை உங்கள் மனைவிக்குக் கொடுத்திருக்க வேண்டும். அவருக்குப் பொத்தான் பூட்டியிருக்கும்" என்றார். உன் அப்பா இரண்டு நாள் அவரோடு நேராகப் பேசவில்லை.

ஆகவே தம்பி, நீ பின் நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் எடுத்துக் கொடுக்கப் போகிறவன் என்றாலும், உன் மேலதிகாரியிடம் முந்திய நாளே பணிவாகக் கேட்டுவை: நாம் கேட்க வந்தது என்ன, அதை எந்த வாக்கியத்தில் கேட்கப் போகிறோம், யார் கேட்பது. அந்த வாக்கியம் மழைக்கும் மாட்டுக்கும் முன்னால் வரட்டும். மரியாதையைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகங்களைப் பற்றி நான் அதிகம் நல்லெண்ணம் கொண்டவள் அல்ல. ஆனால் அங்கே கெட்ட மனிதரால் நடக்கும் தீங்கைவிட, சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டதால் நடப்பதுதான் கூட என்று நினைக்கிறேன். இன்னொன்று. அங்கே உன்னை எந்த ஊர் என்று கேட்பார்கள். நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. உன் அப்பா என்ன சொல்லுவார் என்று உனக்குத் தெரியும், அவருடைய பதிலில் உள்ள அன்பை நான் அன்று அந்த அறையில் வைத்துத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை ஒரு மூச்சு நேரம் யோசித்துவிட்டு வாயைத் திற. பெஞ்சுகளையும் பார். முகப்புக்கும் வராந்தாவுக்கும் நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தால், அவர் உன் கோப்பில் இல்லாதவர் என்றாலும், ஒரு வார்த்தை பேசு. அதற்கு உத்தரவு தேவையில்லை.

திரும்பும்போது ரயிலில் காத்தாயி எங்கள் பெட்டிக்குப் பின்னால் இருந்த மூன்றாம் வகுப்பில் வந்தாள். ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் இறங்கிப்போய்ப் பார்த்தேன். "இன்னும் சயாம்தானாம்மா?" என்று கேட்பாள். பாடாங் பெசார் தாண்டும் வரைக்கும் அவள் படுக்கவில்லை என்று பக்கத்தில் இருந்த சீனக் கிழவி சைகையால் காட்டினாள். அதற்குப் பிறகு, குழந்தையை அந்தக் கிழவியிடமே கொடுத்துவிட்டு, செத்தவளைப் போலத் தூங்கினாள்.

லாயாங் லாயாங்கில் காலை வெயில் ஏறியிருந்தது. நிலையத்தில் அவளுடைய அண்ணனும், அண்ணிக்காரியும், இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். சின்னவன் அண்ணனின் தோளில் இருந்தபடியே கையை நீட்டினான். பெரியவள் வரவில்லை. ஆறேழு வயதிருக்கும். அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அங்கிருந்து முறைத்தாள். காத்தாயி கூப்பிடவில்லை, ஓடிப்போய்த் தூக்கவுமில்லை. இறங்கிய இடத்திலேயே மூட்டையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றாள்.

"ஏண்டி, தலைக்கு எண்ண வெக்கலியா?"

பெரியவள் அத்தையின் சேலையை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னத்தான் கேக்கறேன்."

"நீ செத்துப் போயிட்டேன்னு அத்தை சொன்னாங்க."

"செத்தவ ரயில்ல வருவாளாடி? வா, வந்து தம்பியப் புடி. எனக்குக் கையி கடுக்குது."

அந்தப் பெண் மெல்ல வந்தாள். தாயைத் தொடவில்லை. குழந்தையை மட்டும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் பாரமாக இருந்தது, ஒரு பக்கமாகச் சரிந்து நின்றாள். குழந்தை அழுதது. அவள் அதன் முதுகில் தட்டிக்கொண்டே, முகத்தைத் தாயின் பக்கம் திருப்பாமல், மூட்டையை எடு, போகலாம் என்று கையால் காட்டினாள். காத்தாயி மூட்டையை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தாள்.

சுகமாகப் போய் வா. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது.

அம்மா